பனங்கொட்டைக்குப் பல் கட்டியவர்

உலகத்திலேயே சோழிக்குப் பல் கட்டிய மனிதர் ஒரே ஒருவர்தான். இராமநாதபுரத்தில், அரண்மனைக்குப் பின்னால் ஒரு சந்தில், பத்துக்கு எட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு ஆள் இருந்தால் வாசகர்கள் எழுதிப் போடலாம். நேரில் வந்து அந்த ஆள் காலில் விழத் தயார்.

அவர் பெயர் பல்செட். தெருவுக்குத் தெரிந்த பெயர் அதுதான். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்பும் பிளாஸ்டர் அச்சை வைத்துக்கொண்டு, ரோஸ் நிற ஈறும் வெள்ளைப் பல்லுமாகச் செட்டு கட்டித் தருவது தொழில். மாவட்டத்தில் பாதிப் பேர் அவர் கட்டிய பல்லால்தான் முறுக்கு கடிக்கிறார்கள். ஆனால் ஒருவரையும் அவருக்கு நேரில் தெரியாது.

"முகம் என்னத்துக்கு தங்கச்சி? முகத்தைப் பாத்தா வேலை கெட்டுரும். எனக்கு வாய் தெரிஞ்சாப் போதும்" என்பார்.

அது உண்மையும்கூட. பேருந்து நிலையத்தில் யாராவது கொட்டாவி விட்டால், பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய் எட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து, "நம்ம வேலைதான். போன ஐப்பசி" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் செட்டு கட்டினாலும், உள்பக்கம் அண்ணத்தில் படுகிற இடத்தில், நகத்தளவு சீட்டில் ஒரு பெயரும் ஊரும் எழுதிப் பதித்துவிடுவார். மேலே கண்ணாடி மாதிரி பூச்சு. "பல்லுங்கிறது தொலையிற சாமான். தொலைஞ்சா யார்ட்டக் கொண்டுபோய்க் குடுக்கணும்னு அதுலயே இருக்கணும்ல?"

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். இராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்த ஒரு பெரியவர் பக்தி மிகுதியில் வாயைத் திறந்ததும் மேல்செட்டு கடலோடு போய்விட்டது. நாலாம் நாள் பாம்பனில் ஒருவர் வலையில் நண்டுகளோடு நண்டாக ஏறி வந்தது. சீட்டில் பெயர், பரமக்குடி. வலைக்காரர் பஸ் ஏறிப் போய்ப் பல்லைக் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தார். பல்செட் தன் வாழ்நாள் சாதனையாகச் சொல்வது இதைத்தான். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

இப்படிப்பட்டவரை நான்தான் கெடுத்தேன்.

எங்கள் குடும்பம் அவர் அறைக்கு மேல்மாடியில் குடியிருந்தது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, மாதத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு மாதம் காளான் வளர்ப்பு. ஒரு மாதம் கொரிய மொழி. அந்த மாதம் ஜியோகேச்சிங். உலகம் முழுக்க ஆடும் விளையாட்டு. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைச் செயலியில் ஏற்றிவிடுவார். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். டப்பாவுக்குள் சின்னச் சின்னச் சாமான்கள் கிடக்கும். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

மண்டபத்தில் ஒரு டப்பா இருப்பதாகப் போன் காட்டியது. "அங்கன டாக்டர்ட்ட இருந்து ஒரு வாய்க்கு அளவு கொண்டாரணும், நானும் வாரேன்" என்று என் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டார் பல்செட். சவுக்குத் தோப்பில் முக்கால் மணி நேரம் குனிந்து நிமிர்ந்து, கடைசியில் ஒரு வேரடியில் டப்பாவை எடுத்தோம். அவசரமாக மூடியைக் கழற்றினேன். திறந்தால், ஒரு ஹேர்கிளிப், ஒரு பஸ் டிக்கெட், பாதி தேய்ந்த அழிரப்பர்.

பல்செட் அந்த அழிரப்பரைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கா தங்கச்சி முப்பத்தஞ்சு கிலோமீட்டரு வந்தோம்?"

"கண்டுபிடிக்கிறதுதாண்ணே சந்தோஷம். சாமான் முக்கியமில்ல."

"அதெப்புடி? ஒருத்தன் முள்ளுல மணலுல வேகாத வெயில்ல தேடி வாரான். திறந்தா அசந்து போக வேணாமா? தொறந்தவன் வாய் மூடக் கூடாது தங்கச்சி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் மண்டபம் போனோம். அழிரப்பரை எடுத்துக்கொண்டு பதிலுக்கு அவர் வைத்தது ஒரு சோழி. சோழியின் பிளவில் மேலே ஆறு, கீழே ஆறு, அரிசி மணி அளவு பற்கள். ஈறோடு. சிரித்துக்கொண்டிருந்தது.

அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. தனுஷ்கோடி டப்பாவில், காய்ந்த நண்டு ஓட்டுக்குக் கடைவாய்ப் பல் முதற்கொண்டு முழு செட்டு. பாம்பன் டப்பாவில், சாவி கொடுத்தால் மற்றப் பற்களெல்லாம் கிடுகிடுக்க, ஒரே ஒரு தங்கப் பல் மட்டும் ஆடாமல் நிற்கும் பொம்மை வாய். மண்டபம் சோழியைப் பார்த்த யாரோ ஒரு வெளியூர்க்காரர், "இதை எடுத்துப் போகப் பயமாக இருக்கிறது, விட்டுப் போகவும் மனமில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதைப் பல்செட் என்னை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். நான்காவது முறை தமிழில்.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். சொந்தமாக ஒரு டப்பா வைக்க வேண்டும்.

"கடக்கரைக்கு எல்லாருந்தான் வாரான். கடலாடிப் பக்கம் எவன் வாரான்? அங்கன வைப்போம். அதுக்காகவே ஒருத்தன் வரணும்."

கடலாடிப் பக்கம், மிளகாய்க் காடுகளுக்கு நடுவே ஒரு கண்மாய். அதன் மடைச்சுவரில் ஒரு கல் பெயர்ந்த பொந்து. இடத்துக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது விளையாட்டின் முதல் விதி. சொன்னேன்.

"கம்மாய்க்கு யார்ட்டக் கேக்க? ஆரா மீன்ட்டயா?" என்று கேட்டுவிட்டார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

உள்ளே வைக்க அவர் செய்ததுதான் அவருடைய தலைசிறந்த படைப்பு. நல்ல பெரிய பனங்கொட்டை. சப்பிப் போட்ட பனங்கொட்டைக்கு நார் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், நரைத்த தாடியேதான். அந்த நாரைச் சீவி, எண்ணெய் தடவி, இரண்டு குன்றிமணியைக் கண்ணாக வைத்து, வாயைக் குடைந்து, மேலும் கீழுமாய் இருபத்தெட்டுப் பல்லை மெழுகால் பொருத்தியிருந்தார். மனிதப் பல். முழு அளவு. டப்பாவைத் திறந்த உடனே பனங்கொட்டை உங்களைப் பார்த்துச் சிரிக்கும். செய்யும்போது கூடவே இருந்த நானே முதல்முறை திறந்துவிட்டு மூடியைப் பட்டென்று மூடினேன்.

"இம்புட்டுப் பல்லு எப்பண்ணே கட்டுனீங்க?"

"இதுக்குன்னு கட்டலயே. எவனோ அளவு குடுத்துட்டு வாங்க வராமப் போயிட்டான். ஒரு வருசமா அலமாரியில கெடந்துச்சு. பாவம், அதுவும் யாரையாச்சும் பாத்துச் சிரிக்கட்டும்."

கார்த்திகைக் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு நாளில் வைத்தோம். மார்கழி போனது. யாரும் வரவில்லை. தை போனது. யாரும் வரவில்லை. தினமும் காலையில் நான் படியிறங்கும் சத்தம் கேட்டதும் கதவு திறக்கும்.

"யாராச்சும் எழுதிருக்காகளா?"

"இல்லண்ணே."

"சரி. நாளைக்கி."

இன்னும் கொஞ்ச நாள் யாரும் கண்டுபிடிக்காவிட்டால் இந்த டப்பா இருக்கிறதா என்று செயலியை நடத்துபவர்கள் சந்தேகப்பட்டுத் தூக்கிவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம். அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் ஒவ்வொரு ஞாயிறும் போக ஆரம்பித்தார். டப்பாவைத் துடைப்பார். பல்லுக்கு பாலிஷ் போடுவார். தாடியைச் சீவுவார். நோட்டின் காலிப் பக்கத்தைத் திறந்து, எழுத வருபவனுக்குக் கை வழுக்கக் கூடாது என்று பேனாவைக் கிறுக்கிப் பார்ப்பார்.

"ஒரே ஒரு ஆளு தங்கச்சி. ஒரு ஆளு தொறந்து, அசந்து, எழுதிட்டாப் போதும். அப்புறம் தூக்குனாத் தூக்கட்டும்."

மாசி பிறந்து ஒரு ஞாயிறு. பொந்தில் டப்பா இல்லை.

பல்செட்டின் முகம் மலர்ந்தது. "வந்துட்டாண்டா!" என்று கண்மாயைப் பார்த்துக் கத்தினார். டப்பாவோடு எடுத்துப் போவது விதியில் இல்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, கரை மேல் ஆட்டுக்குட்டியோடு வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து நின்றாள். பெயர் இருளாயி என்று பிறகு தெரிந்தது.

"யாத்தே, அந்த மடைக்கிட்டப் போகாதீக! அங்கனதான் செய்வினை எடுத்தது."

"என்னது எடுத்தது?"

"டப்பாவுல ஒரு தலை. தாடியும் பல்லுமா. குட்டி உள்ள நுழைஞ்சிருச்சுன்னு நாந்தான் கைய விட்டேன். தொறந்து பாத்துட்டு வீடு வரைக்கும் ஓடுனேன். மூணு நாளு காய்ச்சலு."

பல்செட் என் காதில், "அசந்துட்டாக" என்றார். பெருமையாக.

"ஊரு ஆம்பளைக எடுத்தாந்து பல்ல நெம்பிப் பாத்தா உள்ள பேரு எழுதிருக்கு. எங்க ஊரு முனியசாமி அண்ணன் பேரு. ஊர்ப் பேரோட! யாரு அப்புடி வினை வச்சான்னு தெரியல. மனுசன் நாலு நாளாக் கட்டுலே கதின்னு கெடக்காரு. கஞ்சித் தண்ணியத் தவிர ஒண்ணும் இறங்கல. வெள்ளிக்கெழமை கோடாங்கி வாராரு. அத எரிச்சு, சாம்பலச் சேதுக்கரையில கரைக்கணுமாம்."

சீட்டு! அலமாரியில் கிடந்த செட்டில் சீட்டை எடுக்காமலே பனங்கொட்டைக்கு மாட்டியிருக்கிறார் மனிதர். பல்செட்டின் முகத்தில் பெருமை இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது.

"அண்ணே, நான் வண்டியத் திருப்புறேன்" என்றேன். அடிபட்டுச் சாவதற்கான வயது எனக்கு இன்னும் வரவில்லை.

"நாலு நாளா ஒரு மனுசன் சாப்பிடலங்கிறாக. நீ எங்க திருப்புற?" அவர் ஏற்கெனவே ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

முனியசாமி வீட்டு முன்னால் களம் முழுக்க முண்டு மிளகாய் சிவப்பாய்க் காய்ந்தது. நடுவில் மட்டும் ஒரு வட்டம் காலியாக இருந்தது. வட்டத்தைச் சுற்றி வேப்பிலை. அதற்குள் கவிழ்த்து வைத்த ஓலைப்பெட்டி, அதன் மேல் ஒரு அம்மிக்குழவி. எங்கள் பனங்கொட்டை தப்பித்துப் போய்விடாமலிருக்க. வேப்பமரத்தடிக் கட்டிலில், பொக்கை வாயோடு, அறுபது வயதுக்காரர் ஒருவர் சுருண்டு கிடந்தார். பல்செட் நேரே போய்க் கட்டில் முன்னால் நின்றார்.

"அத வச்சது நாந்தான்."

ஊரே கூடிவிட்டது. கூட்டத்தில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகப் பேசியதில்லை.

"இது செய்வினை இல்லைங்க, விளையாட்டுங்க! அண்ணே, சொல்லுங்க!"

பல்செட் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு பெட்டிய ஒருத்தருக்கும் தெரியாம ஒளிச்சு வைக்கணும்."

கூட்டம் முணுமுணுத்தது.

"வைக்கையில ஒருத்தரும் பாத்துறக் கூடாது."

"கேட்டியா, கேட்டியா" என்றார் வேட்டிக்காரர்.

"முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் எங்கனயோ இருந்து வந்து எடுப்பான். எடுத்தவன் பேரையும் தேதியையும் எழுதணும். எடுத்ததுக்குப் பதிலா இன்னொண்ணு குடுக்கணும்."

"உசுருக்கு உசுரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். முனியசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

நான் குறுக்கே பாய்ந்து, "எல்லாம் செயற்கைக்கோள் வழியாத்தான் நடக்குதுங்க, மேல இருந்து..." என்றேன்.

"மேல இருந்து வேற பாக்குறாகளா?" என்று அலறினார் முனியசாமியின் மனைவி பாண்டியம்மா. "நாப்பத்தஞ்சு வயசு ஆம்பள, பெட்டிய ஒளிச்சு வச்சு விளையாடுறேங்கிறியே, எங்களப் பாத்தா எப்புடித் தெரியுது? அப்ப எங்க வீட்டுக்காரு பேரு எப்புடிய்யா உள்ள வந்துச்சு?"

பல்செட் முனியசாமி பக்கம் திரும்பினார். கட்டில் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனால் களமே காது கொடுத்துக்கொண்டிருந்தது.

"அய்யா, ஒங்க மொகத்த இன்னைக்குத்தான் பாக்குறேன். ஆனா வாய் எனக்குத் தெரியும். மேல் ஈறுல எடதுபக்கம் ஓரமா ஒரு மேடு. பட்டாணி அளவு. கீழ வலதுபக்கம் எலும்பு கொஞ்சம் தாழ்வு. நாக்க அங்கன வச்சே பழகிருப்பீக. சரியா?"

முனியசாமியின் கன்னம் உள்ளே அசைந்தது. நாக்கு போய் அந்த மேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

"போன வருசம் ராம்நாட்டுல அளவு குடுத்தீகளா, இல்லையா?"

முனியசாமி, மிளகாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"குடுத்தேன். அந்த அளவெடுக்குற களிய வாயில வச்சு அமுக்குனாரா... டாக்டரு மேலயே வாந்தி எடுத்துட்டேன். சட்டை, பேண்டு, செருப்பு அம்புட்டும். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாங்கப் போக?"

"தாலுகா ஆபீசுல பட்டா மாத்தப் போறேன்னு வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போனது இதுக்குத்தானா!" பாண்டியம்மாவுக்குச் செய்வினை மறந்து போய்விட்டது. "பல்லு கட்டுறத எங்கிட்டச் சொன்னா என்ன? நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?"

"கட்டிட்டு வந்து காட்டலாம்னு இருந்தேன்" என்றார் அவர்.

கூட்டத்தில் முதலில் சிரித்தது இருளாயிதான். அடக்கப் பார்த்து முடியாமல் ஆட்டுக்குட்டியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பல்செட் அம்மிக்குழவியை நகர்த்தி, ஓலைப்பெட்டியைத் தூக்கினார். இரண்டு பேர் பின்வாங்கினார்கள். பனங்கொட்டையின் வாயிலிருந்து செட்டைக் கழற்றி, மெழுகைச் சுரண்டி, பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்தார். குழாயடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் தேய்த்தார். பேய்க்கு எத்தனை பல் என்று சிறுசுகள் எண்ணிக்கொண்டிருந்தன. நடுவில் ஒருமுறை முனியசாமியிடம் வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார், ஒரு இடத்தில் உப்புத்தாள் போட்டார், மறுபடி கழுவினார்.

"டாக்டர்ட்டப் போயி ஒருக்கா காட்டணும். இப்ப மாட்டிப் பாருங்க. கண்ணாடி பாக்காம மாட்டுங்க."

மேல்செட்டு போனது. கீழ்செட்டு போனது. முனியசாமி வாயை மூடினார். பல்லும் பல்லும் ஒட்டும் சத்தம் ஒன்று வருமே, டக் என்று, அது வந்தது. உள்ளே கிடந்த கன்னம் வெளியே வந்தது. ஐந்து வயது குறைந்தது. பாண்டியம்மா பார்த்தபடி நின்றார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், அவித்த பனங்கிழங்கு ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினார். நாரும் நரம்புமான சாமான். பல் போனவர்கள் பார்த்துப் பெருமூச்சு விடுவது.

"கடிங்க பாப்போம். அப்பத்தான் நம்புவேன்."

முனியசாமி கடித்தார். மென்றார். நாலு நாள் பட்டினி கிடந்த மனிதர் முழுக் கிழங்கையும் நார்கூட மிச்சம் வைக்காமல் தின்று முடித்துவிட்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினார். கைக்குக் கிழங்கு வருவதற்குள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். பனங்கொட்டை சிரித்த அதே சிரிப்பு. இருளாயி "யாத்தே" என்று ஓரடி பின்னால் போனாள்.

பல்செட் ஓலைப்பெட்டிக்கு அடியில் கிடந்த டப்பாவிலிருந்து நோட்டை எடுத்தார்.

"அய்யா, நீங்க எடுத்துட்டீக. எழுதணும். பதிலுக்கு ஒண்ணு வைக்கணும். விதி."

"ஏலே, இப்பயும் விடமாட்டியா நீ?" என்றார் வேட்டிக்காரர். ஆனால் வேட்டியை இறக்கி விட்டிருந்தார்.

முனியசாமி முதல் பக்கத்தில், கிறுக்கிப் பார்த்த கோடுகளுக்குக் கீழே, நிறுத்தி நிறுத்தி எழுதினார். "எடுத்தது: என் பல். வைத்தது: என் காட்டு மிளகாய், ஒரு கை." கையெழுத்து. தேதி.

ஊர் சம்மதத்தோடு டப்பா மடைச்சுவருக்கே திரும்பிப் போனது. அடுத்த வாரமே பனங்கொட்டைக்கு வேறு பல் கட்டினார், இந்த முறை சீட்டு இல்லாமல். ஊர்க்காரர்கள் விருப்பப்படி ஒரு மீசையும். இப்போது வெளியூரிலிருந்து யாராவது போனும் கையுமாகக் கரையேறினால், தூரத்திலிருந்தே இருளாயியின் குரல் வருகிறதாம். "பெட்டிதானே? அந்தா மூணாவது கல்லு! எடுத்துட்டுச் சும்மா போகாதீக, ஒண்ணு வச்சுட்டுப் போங்க!" தேட விட்டால்தானே விளையாட்டு என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

அன்றைக்குத் திரும்பும் வழியில், முதுகுளத்தூர் தாண்டியதும் பல்செட் என் தோளைத் தட்டினார். பிறகு பின்னாலிருந்து, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னார்.

"முகத்தைப் பாத்தா வேலை கெட்டுரும்னு சொல்லுவேன்ல தங்கச்சி?"

"ஆமாண்ணே."

"கெடல."

எனக்கு வேலை மாறிப் பெங்களூர் வந்து எட்டு மாதம் ஆகிறது. கிளம்பிய அன்று பல்செட் வழியனுப்ப வரவில்லை, அவசரமாக ஒரு வாய் முடிக்க வேண்டும் என்று உள்ளிருந்தே கத்தினார். இங்கே வந்து பையைப் பிரித்தபோது, என் ஹெல்மெட்டுக்குள் ஒரு சோழி இருந்தது. மேலே ஆறு, கீழே ஆறு. சிரித்துக்கொண்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன், சீட்டு இருந்தது. என் பெயராக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. தொலைந்தால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய ஆளின் பெயர் எழுதியிருந்தது. இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் கேட்டுத் தெரிந்துகொள்ளாத பெயர், கீழே இராமநாதபுரம்.

தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் அண்ணே. கையோடு கொண்டு வருகிறேன்.